தானாக ஓடிய மெஷின்

அந்த மின்விசிறியை நிறுத்த வேண்டாம் சார். அதன் முனகல் எனக்குத் தொந்தரவில்லை. பாய்லர் பக்கத்திலேயே வயதைக் கழித்தவனுக்குச் சத்தம் இருந்தால்தான் பேச்சு வரும்.

முதலாளி திருஞானசம்பந்தம் என்னைப் பற்றி நல்லவிதமாகத்தான் சொல்லியிருப்பார். முருகானந்தம் குடிக்க மாட்டான், லீவு போட மாட்டான், எதிர்த்துப் பேச மாட்டான். மூன்றும் உண்மை. வரிச்சிக்குடி போகிற வழியில் வயலுக்கு நடுவே நிற்கிற அவருடைய அரிசி ஆலையில், நெல் அவிக்கிற பாய்லர் என் பொறுப்பு. நெல்லிலிருந்து வருகிற உமியையே எரித்துத் தண்ணீரை ஆவியாக்கி, அந்த ஆவியில் அடுத்த நெல்லை அவிப்போம். அந்த உலை ஒரு பெரிய வயிறு. ஊட்டிக்கொண்டே இருக்க வேண்டும். சற்றுக் கண்ணயர்ந்தால் பிரஷர் முள் இறங்கிவிடும், நெல் அரைவேக்காடாகிவிடும், முதலாளி முழு வேக்காடாகிவிடுவார்.

முன்பெல்லாம் அந்த வயிற்றுக்கு ஊட்டியவர் பூமிநாதன். மண்டபத்தூர்க்காரர். கடலில் கொஞ்ச காலம், கரையில் கொஞ்ச காலம் என்று இருந்தவர். "அங்க அலையில ஆடுனேன், இங்க அனல்ல ஆடுறேன், ஆட்டம் ஒண்ணுதாண்ணே" என்பார். அவர் ஷவலில் உமியை அள்ளி உலைவாயில் வீசுவார். நான் முள்ளையும் தண்ணீர் மட்டத்தையும் பார்ப்பேன். அந்த இரைச்சலில் வாயால் சொன்னது காதில் விழாது. அதனால் எங்களுக்குள் ஒரு வழக்கம் இருந்தது. நான் ஸ்பேனரால் குழாயைத் தட்டினால், 'பயமில்லை, கை வைக்கலாம்' என்று அர்த்தம். தட்டாமல் யாரும் கை வைப்பதில்லை. தட்டிய பிறகு யாரும் சந்தேகப்படுவதுமில்லை. புருஷன் பெண்டாட்டிக்குள்கூட இவ்வளவு நம்பிக்கை இருக்குமா என்பது எனக்குத் தெரியாது.

பெண்டாட்டி என்றதும் ஞாபகம் வருகிறது. என் மனைவி கமலாம்பாள் பேரனைப் பார்த்துக்கொள்ளத் திருப்பூருக்கு, மகள் வீட்டுக்குப் போனவள். பேரன் இப்போது பள்ளிக்கூடம் போகிறான். அவள் இன்னும் வரவில்லை. தினமும் சாயங்காலம் போன் செய்து "சாப்டிங்களா" என்பாள். சாப்பிட்டேன் என்பேன். வைத்துவிடுவாள். ஆகவே என்னைத் தனியாள் என்று நினைத்துவிடாதீர்கள்.

போன வருடம் முதலாளி கோயம்புத்தூரில் ஒரு கண்காட்சிக்குப் போய்வந்தார். காசிக்குப் போய்வந்தவர் மாதிரி முகத்தில் ஒரு தெளிவு. "என்னய்யா முருகானந்தம், மனுசக் கை படாம பாய்லர் ஓடுறதப் பார்த்தேன்யா" என்றார். அதைச் சொல்லும்போது அவர் கையை ஒருவன் பிடித்துக் காரிலிருந்து இறக்கிக்கொண்டிருந்தான்.

மெஷின் வந்தது. மேலே ஒரு பெரிய உமித் தொட்டி. அதன் அடியில் நீளமான திருகு ஒன்று சுற்றிச் சுற்றி உமியைத் தள்ளிக்கொண்டுபோய் உலைக்குள் கொட்டும். கீழே ஒரு பேனல். முள் இறங்கினால் அதுவே அதிகம் ஊட்டும், ஏறினால் அதுவே குறைக்கும். உமி கொண்டுவந்த சாக்கைத் தவிர மற்ற எல்லாவற்றிலும் ஒரு பொத்தான் இருந்தது.

திறப்பு விழாவை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். ஆலை வாசலில் ஃபிளெக்ஸ். அதில் மெஷின் சிறியதாகவும் முதலாளி பெரியதாகவும் இருந்தார்கள். பூசணிக்காய், சந்தனம், நாதஸ்வரம். வரவேண்டிய பெரிய மனிதர் வராததால் அவருக்கு வாங்கிய பொன்னாடையை மெஷினுக்கே போர்த்தினார்கள். முதலாளி பச்சைப் பொத்தானை அழுத்துவதற்குச் சற்று முன்னால் கரண்டு போய்விட்டது. இருந்த ஒரே ஜெனரேட்டர் மைக் செட்டுக்குப் போட்டிருந்தது. அதைப் பிடுங்கினால் அவருடைய பேச்சு நின்றுவிடும். அது ஆகிற காரியமா. முதலாளி கண்ணைக் காட்டினார். உலைவாயை மறைத்துக் கட்டியிருந்த தார்ப்பாய்க்குப் பின்னால் போய் நான் குழாயைத் தட்டினேன். பூமிநாதன் ஷவலை எடுத்தார். முன்னால் முதலாளி பொத்தானை அழுத்த, பின்னால் பூமிநாதன் உமியை வீச, புகைபோக்கியிலிருந்து கம்பீரமாகப் புகை கிளம்பியது. கூட்டம் கை தட்டியது.

"நம்ம கருமாதிக்கு நம்மளே பந்தி பரிமாறுறோம்ண்ணே" என்றார் பூமிநாதன், வேர்வையைத் துடைத்துக்கொண்டே.

அன்றோடு அவருக்கு வேலை இல்லை.

எனக்கு முதலாளி ஒரு நாற்காலி கொடுத்தார். "ஒனக்கு இனிமே வேலையே இல்லய்யா, ராசா மாதிரி ஒக்காரு" என்றார். நல்ல நாற்காலி. ஒரே ஒரு நாற்காலி. அதில் உட்கார்ந்து மெஷினைப் பார்த்துக்கொண்டிருப்பேன். அதற்கு என் உதவி தேவைப்படவில்லை. பழக்கதோஷத்தில் சில நேரம் குழாயைத் தட்டுவேன். அது பாட்டுக்குச் சுற்றிக்கொண்டிருக்கும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மண்டபத்தூர் போய்ப் பூமிநாதனைப் பார்த்தேன். ஆட்களோடு வலையைப் பிரித்துக்கொண்டிருந்தார். "வாங்கண்ணே, வாங்க" என்று நிஜமான சந்தோஷத்தோடுதான் கூப்பிட்டார். பிறகு பக்கத்து ஆள் ஏதோ கிண்டல் சொல்ல, எல்லோரும் சிரித்தார்கள். எனக்கு அந்தக் கிண்டலின் முன்கதை தெரியவில்லை. சும்மா சிரித்து வைத்தேன். கிளம்பும்போது ஒரு பையில் மீன் போட்டுக் கொடுத்தார். ஒருவனுக்கு அது அதிகம்.

மழைக்காலத்தில் உமி ஈரமாகித் திருகு சிக்கிக்கொண்டது. அது மெஷின் தானாகச் செய்தது. அதில் எனக்குப் பங்கில்லை. கம்பெனியிலிருந்து அருள்ராஜ் என்று ஒரு மெக்கானிக் கும்பகோணத்திலிருந்து பைக்கில் வந்தான். முப்பது வயதுகூட இருக்காது. மேலே ஏறி, மூடியைத் திறந்து, சிக்கலை எடுத்துவிட்டு இறங்கினான். மத்தியானம் என் சாப்பாட்டைப் பகிர்ந்துகொண்டேன்.

"அண்ணே, இந்த மீன் கொழம்பு வச்ச கைக்குத் தங்க வளையல் போடணும்."

"வச்சது நான்தான் தம்பி."

"அப்ப கைய நீட்டுங்க, அளவு பார்த்துக்கறேன்" என்று என் மணிக்கட்டைப் பிடித்துப் பார்த்தான்.

அதற்குப் பிறகு சிக்கியதெல்லாம் நான் செய்தது. ஒரு துண்டுச் சாக்கை நனைத்துத் தொட்டிக்குள் போட்டால் போதும். அதை நான் தப்பாக நினைக்கவில்லை. மெஷினுக்கும் ஓய்வு, அவனுக்கும் சாப்பாடு.

ஆனால் எனக்கென்று ஒரு முறை உண்டு சார். வீட்டுக்கு வருகிறவனுக்கு ஏனோதானோ என்று போடக் கூடாது. அதனால் முதலில் காலையில் போய் மீன் பார்ப்பேன். நல்ல கொடுவாவோ சுறாவோ கிடைத்தால் வாங்கிச் சமைத்து எடுத்துக்கொண்டு போவேன். அதற்குப் பிறகுதான் சாக்கை நனைப்பேன். மீன் சரியில்லாத நாளில் மெஷினைத் தொடவே மாட்டேன்.

அருள்ராஜ் ஒருநாள், "நல்ல மீனு கெடைக்கிற அன்னிக்குத்தாண்ணே இந்த மெஷினுக்கு வயித்து வலி வருது" என்றான். இரண்டு பேரும் சிரித்தோம்.

மெஷினின் மூடியைத் திறந்தால் அதுவே நின்றுவிட ஒரு சென்சார் இருந்தது. உமித் தூசி படிந்து அது கண்ட நேரத்தில் நிறுத்தியதால், அது வேலை செய்யாதபடி கம்பி போட்டுக் கட்டிவிடச் சொன்னார் முதலாளி. கட்டினேன். அருள்ராஜ் வருகிறபோதெல்லாம் திட்டுவான். "இத அவுத்து வுடுங்கண்ணே, கை போயிடும்." முதலாளியைக் கேட்கிறேன் என்பேன். "சுவிட்ச நான் அணைக்கிறேன்பா, அணைச்சிட்டுக் குழாயத் தட்டுறேன். அப்புறம் கை வை" என்று எங்கள் பழைய வழக்கத்தைச் சொல்லிக்கொடுத்தேன். அவனுக்கு அது பிடித்துப்போயிற்று. மேலேயிருந்து பதிலுக்கு அவனும் தட்டுவான். ரொம்ப நாளைக்குப் பிறகு யாரோ பதில் சொன்னார்கள்.

பிறகு மீன்பிடித் தடைக்காலம் வந்தது. உங்களுக்குத் தெரியாததில்லை, விசைப்படகு எல்லாம் கரையில் கிடக்கும். கடைத்தெருவில் கிடைப்பது ஐஸில் வைத்த வெளியூர் மீன். அதை அவனுக்குப் போட எனக்கு மனம் வரவில்லை. ஆகவே தடைக்காலம் முழுக்க மெஷின் ஒரு குறையும் இல்லாமல் ஓடியது.

அதற்கு இவர்கள் கண்டுபிடித்த காரணங்களைக் கேளுங்கள். மெஷினுக்கு நம் ஊர்த் தண்ணீர் ஒத்துக்கொண்டுவிட்டது என்றார் முதலாளி. கம்பெனிக்காரர்கள் தங்கள் தயாரிப்பு பக்குவப்பட்டுவிட்டது என்றார்கள். இனி ஆள் அனுப்பவே வேண்டியதில்லை, ஒரு கேமராவும் மோடமும் வைத்தால் போதும் என்று முடிவெடுத்தார்கள். முதலாளி அடுத்த ஃபிளெக்ஸுக்குச் சொல்லிவிட்டார்: ஆளில்லா பாய்லர். நான் அப்போது பக்கத்தில்தான் நின்றுகொண்டிருந்தேன்.

அருள்ராஜும் இனி வர மாட்டான் என்பது எனக்கு அப்போது உறைக்கவில்லை. தடை முடிந்து படகுகள் போய்வந்ததும் அருமையான கொடுவா ஒன்று கிடைத்தது. பார்த்துப் பார்த்துச் சமைத்தேன். சாக்கை நனைத்தேன். அவன் வந்தான்.

"அண்ணே, இதாண்ணே கடைசி" என்றான் முகமெல்லாம் சிரிப்பாக. "இன்னும் ரெண்டு நாள்ல மோடம் மாட்டிருவாங்க. சிக்குச்சுன்னா மெஷினே எம் போனுக்குச் சொல்லிடும். முன்னயும் பின்னயும் திருகித் தானே சரி பண்ணிக்கும். நான் வூட்ல கால நீட்டிப் படுத்துக்கிட்டே பாப்பேன்."

"அப்ப நீ வர மாட்டே?"

"எதுக்குண்ணே வரணும்? இந்த வெயில்ல பைக்க ஓட்டி முதுகே போச்சு." பிறகு தூக்குவாளியைப் பார்த்துவிட்டு, "கொழம்ப மட்டும் வீடியோ கால்ல காட்டுங்க, நாக்கச் சப்பிக்கிறேன்" என்றான்.

நல்ல பையன். மனதில் ஒன்றும் வைத்துக்கொள்ளாமல் பேசுவான்.

மேலே ஏறினான். மற்றவர்கள் சாப்பாட்டுக்குப் போயிருந்தார்கள். நான் பேனல் பக்கம் நின்றேன். திருகு சிக்கினால் மோட்டார் தானே நிற்கும், சற்றுப் பொறுத்துத் தானே மறுபடி முயன்று பார்க்கும். அதற்காகத்தான் சுவிட்சை அணைக்க வேண்டும் என்பது. நான் சுவிட்சைத் தொடவில்லை. குழாயைத் தட்டினேன்.

அவன் பதிலுக்குத் தட்டினான். மூடியைத் திறந்தான்.

நான் கொலைகாரன் இல்லை சார். யோசித்துத்தான் செய்தேன். ஒரு விரல் போகும் என்று நினைத்தேன். காரைக்கால் ஆஸ்பத்திரியிலேயே சில நாள் வைத்திருப்பார்கள், நான் சமைத்துக் கொண்டுபோகலாம், பக்கத்தில் உட்கார்ந்து ஊட்டிவிடலாம். ஆறிய பிறகும் அவ்வளவு தூரம் பைக் ஓட்ட முடியாது, இங்கேயே ஒரு வேலை பார்த்துக் கொடுக்கச் சொல்லி முதலாளியிடம் நானே கேட்டிருப்பேன். அவன் இனி செய்யப்போகிற வேலை போனைப் பார்ப்பது. அதற்கு எத்தனை விரல் வேண்டும்?

மெஷின் முழங்கை வரை இழுத்துக்கொண்டது. அது என் கணக்கில் இல்லை. பிறகு நின்றது. நான் மேலே ஏறி அவன் பக்கத்தில் உட்கார்ந்து இன்னொரு கையைப் பிடித்துக்கொண்டேன். சற்றுப் பொறுத்து மெஷின் மறுபடி முயன்று பார்த்தது. அது அதன் அமைப்பு.

ஆலைச் சங்கை இழுத்திருந்தால் எல்லோரும் ஓடி வந்திருப்பார்கள் என்று, நேற்று நான் இங்கே வந்து விஷயத்தைச் சொன்னபோது உங்கள் ஏட்டு சொன்னார். வந்திருப்பார்கள்தான். ஆனால் சங்கு கீழே இருக்கிறது, சுவிட்சும் கீழே இருக்கிறது. அவனைத் தனியாக விட்டுவிட்டு நான் எப்படி இறங்குவது? அவன் "போங்கண்ணே, போங்கண்ணே" என்று சொல்லிக்கொண்டே இருந்தான். வலியில் பிதற்றுகிறவன் பேச்சை எடுத்துக்கொள்ளக் கூடாது. என் கையை அவன் எவ்வளவு இறுக்கிப் பிடித்திருந்தான் என்பது எனக்குத்தான் தெரியும். மற்றவர்கள் சாப்பிட்டுவிட்டு வரும் வரைக்கும் நாங்கள் அப்படியே இருந்தோம்.

நீங்கள் இதை விபத்து என்று முடித்துவிட்டீர்கள். மெஷின் தானாக ஓடிவிட்டது என்று முதலாளி எல்லோரிடமும் சொன்னார், எல்லோரும் நம்பினார்கள். தானாக ஓடுவதுதானே அதன் பெருமை. என்னை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. பேனல் பக்கத்தில் ஒரு ஆள் நின்றிருந்தான் என்பதே யாருக்கும் தோன்றவில்லை. அது எனக்குப் பொறுக்காமல்தான் நானாக நடந்து வந்து உங்கள் முன்னால் உட்கார்ந்தேன். மெஷின் தானாக ஓடவில்லை. நான் ஓடவிட்டேன்.

மெஷினைப் பிரித்து வைத்துவிட்டார்களாம். பூமிநாதனை மறுபடி கூப்பிட்டு, கூட வேறொரு ஆளைப் போட்டிருக்கிறார்களாம். மனிதக் கையைப் போல் வராது என்று முதலாளி இப்போது பேசிக்கொண்டிருக்கிறாராம். சந்தோஷம்.

எனக்கு ஒரே ஒரு உதவி செய்யுங்கள். அருள்ராஜ் வீட்டிலிருந்து யாராவது வந்து கேட்டால், கடைசி வரைக்கும் அவன் தனியாக இல்லை என்று சொல்லிவிடுங்கள். அவர்களுக்கு ஆறுதலாக இருக்கும்.