நூறு சதவீதம் காய்ச்சல்

தாராவியில ரத்தம் சோதிக்கிற லேப் வாசல்ல சுகர் ரிப்போர்ட்டுக்கு உக்காந்திருந்தேன். முந்தி அது தோல் குடோன். மழை பேஞ்சா இப்பவும் அந்த வாடை வரும். பக்கத்துல ஒரு பொம்பளை, காய்ச்சல்ல கெடக்குற மவனோட டெங்கு ரிப்போர்ட்டுக்குக் காத்துக்கிட்டிருந்தவ, மொபைலப் பாத்து அழுதா.

"யக்கா, நம்ம ஏரியாவுல டெங்கு நூறு சதவீதமாம். நூறு பேருல நூறு பேருக்கும் வந்துட்டாம்லா!"

கூட வந்தவ மொபைல வாங்கி வாசிச்சா.

"கோட்டிக்காரி, முழுசாப் படி. நூறு சதவீதம் கூடியிருக்காம். போன மாசம் ஒருத்தர், இந்த மாசம் ரெண்டு பேர். அம்புட்டுத்தான்."

"ரெண்டே பேரா?"

"ஆமாட்டி. அதப் போயி செவப்பு எழுத்துல போட்டு மனுசன சாவடிக்கான்."

அவ கண்ணத் தொடச்சா. உள்ள இருந்து மவன் பேரச் சொல்லிக் கூப்பிட்டாங்க. அவ எந்திரிக்கல.

"யக்கா, நீயே போயி வாங்கு. மூணுன்னு ஆயிருந்தா எங்கிட்ட சொல்லாத."