இரண்டு வால்வுகளின் வரிசை

கார்த்திகையில் திருவொற்றியூர்க் கடல் கறுத்துக் கிடக்கும். எண்ணூர்ப் புகைபோக்கிகளின் புகை மேலேற மனமின்றி வீடுகளின்மேல் படிந்து நிற்கும். வானும் நீரும் ஒரே துயரத்தை உடுத்தாற்போன்ற அந்த மாதம், படிப்பதற்கு மிகவும் உகந்தது ஐயா.

நானும் கீர்த்தியும் கேட்டகரி தியரி பயிலத் தொடங்கியது ஒரு கார்த்திகையில்தான். பொருள்களை விட்டு, அவற்றிடையே ஓடும் அம்புகளை மட்டும் நோக்கும் கணிதம் அது. ஆலைகளை இயக்கும் நிரல்மொழி ஒன்றை ஆய்வுக்கூடத்தில் உருவாக்கிவந்தோம். அதற்கு இதுவே அடித்தளம். உருவம் கடந்ததைத் தேடும் அக்கல்வி, பதிகங்களில் ஊறிய எனக்கே முதலில் வசப்படும் என்றிருந்தேன். முகத்துவாரக்குப்பத்தில் மீன் விற்கும் மங்கம்மாவின் மகள் கீர்த்திக்கு வசப்பட்டது.

"இன்னா ஜெகதீசா, இன்னும் மொத அம்புலயே நின்னுகினு கீற? எந்தப் பக்கம் போவணும்னு உஞ்சாமிய கேளேன்" என்பாள். கூடம் சிரிக்கும். நான் பொறாமை கொள்ளவில்லை. தகுதியும் இடமும் பொருந்த வேண்டுமென்று மட்டுமே விரும்பினேன்.

தன் நிறுவலை, அம்மொழிக்கான கணித நிரூபணத்தை, சரிபார்க்கத் தந்தாள். ஒன்றையொன்று சாராத இரு கட்டளைகளை எந்த வரிசையிலும் இயக்கலாம் என்றது அது. வெறும் கணக்கீட்டுக்கு அது மெய். உலகைத் தொடும் செயல்களுக்குப் பொய். இக்கல்வியில் புதியவர் பலரும் இடறும் இடம் அது. எங்கள் நிரல்மொழியோ அந்நிறுவலை நம்பி விரைவுக்காகக் கட்டளைகளை முன்பின்னாக மாற்றிவிடும். பார்த்தவுடன் அறிந்தேன். பிழையில்லை என்றேன்.

"தோஸ்துன்னா நீதான்டா" என்றாள்.

சோதனை காசிமேட்டில் ஓர் ஐஸ் பேக்டரியில். அமோனியா வரும் வால்வை மூடிய பிறகே எண்ணெய் வடியும் வால்வைத் திறக்க வேண்டும்; வரிசை மாறினால் நச்சு வாயு அதன் வழியே பீறிடும். அவள் நிரல் வடியும் வால்வைத்தான் முதலில் திறக்கும். இயக்குமுன் என்னைத் தொலைபேசியில் அழைத்தாள்.

"வடியிற வால்வுகிட்டயே நின்னுகினு கீறேன். கண்ணால பாக்கணும்ல? ஓட்டட்டா?"

"ஓட்டு" என்றேன்.

விசாரிக்க வந்த எல்லோரும் அமோனியா பீறிட்ட அந்தத் துருப்பிடித்த வால்வைப் பற்றியே வினவினார்கள். நீங்கள் ஒருவர்தாம் நிறுவலைப் பற்றிக் கேட்டீர்கள், ஆகவே சொல்கிறேன். அவளைக் கொன்றது அவளுடைய நிறுவல். நான் கூறியது ஒரு சொல், அவ்வளவே.

நேற்று அம்மன் சந்நிதியில் மங்கம்மா நின்றிருந்தார். கை ஈரத்தில் தீக்குச்சி நமுத்து அவரால் அகலை ஏற்ற முடியவில்லை. நானே திரியைத் தூண்டி ஏற்றினேன். கீர்த்தியின் பெயரை மெல்லச் சொல்லி வணங்கினேன். அவர் ஈரக் கையை என் தலைமேல் வைத்தார்.

"எதச் செஞ்சாலும் உன்ன கேட்டுகினுதான் செய்வேன்னு சொல்லும் எம்பொண்ணு. நீ நூறு வயசு நல்லா இரு, நைனா."