கோதண்டம் வூட்ல சாயங்காலம்தான் விடியும்

இல்ல சகல, டப்பாவ இன்னும் பிரிக்காத. பிரிச்சிட்டா கடக்காரன் திருப்பி வாங்க மாட்டான். மொதல்ல இப்பிடி குந்து. மெதுவாவே பேசு, உள்ள மாமா தூங்கிகினு கீறாரு. பக்கத்துல பட்டாசு வெடிச்சாலும் நம்ம மாமனாரு பொரண்டுதான் படுப்பாரு. டைமருன்னு ஒரு வார்த்த காதுல வுழுந்துதுன்னு வய்யி, எழுந்து குந்திப்பாரு.

குடு, பாக்கலாம். டிஜிட்டலு. ரெண்டு பிளக்கு, ரெண்டுத்துக்கும் தனித்தனியா டைம் வெச்சிக்கலாம். உள்ள பேட்டரி வேற. சோக்காத்தான் வாங்கிகினு வந்துகீற. எலக்ட்ரிக்கல் மெயின்டனன்ஸ் பாக்கற ஆளு வேற எப்பிடி வாங்குவ? உன் பொண்டாட்டி வினிதாவா வாங்கியார சொல்லிச்சி? இல்லியா? அதானே. அது சொல்லாது. கோதண்டம் பொண்ணாச்சே, அதுக்குத் தெரியும்.

நீயாத்தான் வாங்கியிருப்ப. பெரிய மாப்ள, இந்த வெற்றி, தெனம் வேலையிலேர்ந்து மூச்சு வாங்க ஓடியாந்து இந்த மீன் தொட்டிக்கு லைட்டு போடறானே, பாவமேன்னு தோணியிருக்கும். நல்ல மனசு சகல உனக்கு. நல்ல மனசு இருந்தா இந்த வூட்ல கொஞ்சம் உசாரா இருக்கணும்.

இத்த மாமா ஏதோ அழகுக்கு வெச்சிகீறாருன்னு நெனைக்காத. அவருக்கு முட்டி போயிடிச்சி, கடலுக்குப் போவக்கூடாதுன்னு டாக்டர் சொல்லிட்டாரு. அன்னிக்கு வந்துது இந்தத் தொட்டி. தண்ணி நம்ம காசிமேட்டுத் தண்ணின்னு நெனச்சியா? அதுல டீசல்தான் மெதக்கும். அவரு மீன்புடி போட்டு ஆழத்துக்குப் போறப்பல்லாம் கேன்ல ரொப்பிகினு வரணும், பசங்களுக்கு ஆர்டரு. மீனு வராம போட்டு வந்தாக்கூட ஒத்துப்பாரு, தண்ணி வராம வந்துது, தீந்துது.

அந்த செவப்பா, கொழகொழன்னு ஆடிகினு கீதே, அத்த செடின்னு நெனச்சிகினு இருந்த இல்ல? வினிதாகிட்ட சொன்னியாம், செடி அழகா கீதுன்னு. அது பவளம். பிராணி. அது உடம்புக்குள்ள கண்ணுக்குத் தெரியாத பாசி ஒண்ணு குடியிருக்குது. அந்தப் பாசிக்குத்தான் வெளிச்சம் வோணும். வெளிச்சத்த வெச்சி அது சோறாக்கி வூட்டுக்காரனுக்கும் போடும். வெளிச்சம் ஜாஸ்தியாப் போயி அதுக்கு ஒடம்பு சரியில்லாம ஆச்சின்னா, வூட்டுக்காரன் கம்முனு அத்தப் புடிச்சி வெளிய தள்ளிடுவான். நான் பொஸ்தகத்துல இத்தப் பட்சப்போ என் பொண்டாட்டி ஜெயஸ்ரீய கூப்ட்டுக் காட்னேன். வூட்டோட மாப்ளயப் பத்தி கடலுக்குள்ளயே எழுதி வெச்சிகீது பாருன்னேன். ஜெயஸ்ரீ சிரிக்கல.

சிரிக்காத, சத்தம் கேக்கும்.

ஏன் சாயங்காலம் நாலரைக்கு லைட்டு போடறோம், தெரியுமா? மாமா நடு ராத்திரி எழுந்து மீன் ஏலத்துக்குப் போவாரு, மத்தியானம் வந்து படுப்பாரு, வெயிலு சாஞ்சாத்தான் எழுந்துப்பாரு. எழுந்ததும் காபி, காபியோட தொட்டி. அதனால இந்த வூட்ல பவளத்துக்கு சாயங்காலம்தான் விடியும். பகலெல்லாம் அந்த கனத்த ஸ்கிரீன இழுத்து வுட்டு இருட்டாக்கி வெச்சிடுவோம். மொதல்ல நீல லைட்டு, அது அதிகாலை. அப்பால வெள்ள லைட்டு, அது உச்சி வெயிலு. அப்பறம் வெள்ளய அணைச்சி, நீலத்த மட்டும் வுட்டு, அதயும் அணைச்சா ராத்திரி பன்னண்டு ஆயிடும். பட்டுன்னு அணைச்சியோ, மீனு பயந்து கண்ணாடில முட்டிக்கும். சூரியன் பண்ற வேலய வெற்றி பண்றான். சூரியனுக்காவது கிரகணத்தன்னிக்கு லீவு கெடைக்குது.

டைமரு போட்டுப் பாக்கலியான்னு கேக்கற. போடாம இருப்பனா? ரயில்வே ஸ்டோர்ல கிளார்க்கு நானு. சாமான் கூட வர்ற காயிதத்த மொத வரிலேர்ந்து கடசி வரி வரைக்கும் படிக்கற ஆளு. மொதல்ல வாங்கனது வட்டமா இருக்கும், சுத்தி பல்லு மாதிரி குட்டிக் குட்டி பொத்தானு. எந்த நேரத்துக்கு வோணுமோ அந்தப் பல்ல அமுக்கணும். சோக்கான சாமான். ஆனா அதோட கடியாரம் கரண்ட்டுல ஓடுது. கரண்ட்டு போனா கடியாரமும் நின்னுடும், வந்தா வுட்ட எடத்துலேர்ந்து ஓடும். நம்ம ஏரியா கரண்ட்ட நம்பி அத்தப் போட்டேன். ஒரு மழ நாளு, மாமா காபியோட வந்து குந்தறாரு, தொட்டி கும்முனு இருட்டா கீது. ஆறிப்போற வரைக்கும் அந்த காபியக் கைல வெச்சிகினே இருந்தாரு.

அப்பால வைபை பிளக்கு. போன்லயே எல்லாம் பண்லாம்னான் கடக்காரன். நம்ம மாமியாரு வெளிய போறப்ப இன்னா பண்ணுவாங்க? சூடாவுதுன்னு வைபை பொட்டிய அணைச்சிட்டுப் போவாங்க. ஒரு வாட்டி கரண்ட்டு போயி வந்துது, வைபை இல்ல, பிளக்குக்கு மணி இன்னான்னே தெரியல. யாரக் கேக்கும் அது? மாமியாருகிட்ட போயி இன்னாத்த இப்பிடிப் பண்ணிட்டீங்கன்னேன். எனக்கு மீனு கொழம்புல இருந்தா போதும், கண்ணாடில இன்னாத்துக்குன்னாங்க.

நடுவுல ஒண்ணு வாங்கனேன், இதே உன்து மாதிரி டிஜிட்டலு. அத்த நம்பித்தான் நானும் ஜெயஸ்ரீயும் கல்யாணம் ஆயி மொத வாட்டி வெளியூரு போனோம். ஏலகிரி. எல்ஈடி லைட்டு இருக்குதே, எரியறப்ப கொஞ்சமாத்தான் தின்னும். ஆனா போட்ட மொத நொடி லபக்குன்னு ஒரு வாய் இழுக்கும். உனக்குத் தெரியாததா. மட்டமான டைமரா இருந்தா உள்ள கீற தகடு ரெண்டும் ஒட்டிக்கும். ஒட்டிகிச்சி. நாங்க திரும்பி வர்ற வரைக்கும் உச்சி வெயிலு. அணையவே இல்ல. மாமா ஏன் அணைக்கலன்னா கேக்கற? கை வெச்சா மிஷினு கெட்டுப் போயிடும், நான் வர்ற வரைக்கும் தொடாதீங்கன்னு சொல்லிட்டுப் போனது யாரு? நாந்தான்.

அதோ டிவி மேல, பூங்கொத்து மாதிரி வெள்ளையா கீதே. ஷோவுக்கு வெச்சிகீறாங்கன்னு நெனச்சிருப்ப. அது நான் ஏலகிரி போன பவளம். திட்டவே இல்ல சகல மாமா. எடுத்து, கழுவி, காய வெச்சி, அங்க வெச்சாரு. நான் தெனம் அதுக்குக் கீழதான் நியூஸ் பாக்கறேன்.

ஜெயஸ்ரீ போடக்கூடாதான்னு கேக்கறியா? ஒரு நா எனக்கு ஜொரம், அது போட்டுச்சி. மாமா வந்தாரு, அணைச்சாரு, குந்திகினாரு. நான் போத்திகினு எழுந்து வந்து போட்டேன். அப்பால காபி குட்ச்சாரு. ஜெயஸ்ரீ அன்னிக்கு சாப்டல.

எனக்கு வேற எதுவும் பெருசா இல்ல. பெரம்பூர்ல எங்கம்மா தனியா கீது. ஞாயித்துக்கெழம போவேன், மூணு மணிக்கெல்லாம் கெளம்பிடணும், இல்லன்னா இங்க விடியாது. அம்மாவுக்கு ஒரே ஆச, வெளக்கு வெக்கற நேரத்துல மவன் வூட்ல இருக்கணும். ஒரு வாட்டி போறேன், மத்தியானம் ரெண்டு மணி, வெளிய மண்டையப் பொளக்கற வெயிலு. உள்ள ஜன்னல சாத்தி, சந்துல துணி சொருவி, வெளக்க ஏத்தி வெச்சிகினு குந்தியிருக்குது. இன்னாம்மா இதுன்னேன். சாயங்காலம் ஆயிடிச்சிப்பா, காபி குடின்னுச்சி. குட்ச்சேன். அதுலேர்ந்து ஒவ்வொரு ஞாயித்துக்கெழமயும் அப்பிடித்தான். நான் வாச்ச கயட்டி பாக்கெட்ல போட்டுக்குவேன்.

மாமாகிட்ட கேக்காம இருப்பனா? பெரம்பூருக்குக் குடித்தனம் போறோம் மாமான்னு எத்தினியோ வாட்டி கேட்டுட்டேன். தாராளமா போ, நான் இன்னா கட்டியா போட்டுகீறேன், லைட்டுக்கு மட்டும் ஒரு வழி பண்ணிட்டுப் போம்பாரு. ஆமா, சிரிச்சிகினேதான் சொல்லுவாரு. கெட்ட ஆளு இல்ல சகல. அதான் பேஜாரே. கெட்ட ஆளா இருந்தா என்னிக்கோ சண்ட போட்டுகினு போயிருக்கலாம். எங்கம்மாவுக்கு ஆப்பரேசன்னப்ப போட்ட கடலுக்கு அனுப்பாம நிறுத்திட்டு ஆஸ்பத்திரி வாசல்ல குந்தியிருந்தாரு மனுசன். நாலு மணிக்கு எங்கிட்ட வந்து, நீ கெளம்பு, நான் இருக்கேன்னாரு.

உன்ன எதுக்கு இங்க இருக்க சொல்லிகீறாரு? வூடு பாக்கற வரைக்கும். ம். எனக்கும் அதேதான் சொன்னாரு.

சரி, பிரி. திருப்பிக் குடுக்கப் போறதில்லன்னா பிரி. மொத பிளக்குல நீலம், ரெண்டாவதுல வெள்ள. வெள்ள அர மணி லேட்டா வரணும், அர மணி முன்னாடி போவணும். நேரா லைட்ட சொருவாத, நடுவுல காண்டாக்டர்னு ஒரு பெரிய சுவிட்சு போட்டுக்க, ஒட்டிக்காது. இந்த வேல எனக்குத் தெரியாமப் போச்சி, உனக்குத் தெரியும். வயர தொட்டிலேர்ந்து நேரா பிளக்குக்கு இழுக்காத. கீழ ஒரு தொங்கல் வுட்டு மேல ஏத்து. உப்புத் தண்ணி வயர்ல எறங்கி வந்தாலும் தொங்கல்லயே சொட்டிடும், பிளக்குக்குள்ள போவாது. வாரத்துக்கு ஒரு வாட்டி உப்பு பூத்துகீதான்னு பாத்துத் தொடைக்கணும். டைமரு அருமையா ஓடும் சகல. இத்தன வாங்கனதுல இதுதான் நல்லது.

ஆனா மாமாவுக்கு அது போதாது. அவரு பாக்கறது லைட்ட இல்ல, போடற கைய.

அவரு போட்டுல ஒரு வழக்கம் கீது, யாரும் உனக்கு சொல்லியிருக்க மாட்டாங்க. கம்பத்து மேல எரியுமே, அந்த உச்சி வெளக்கு போடறதுக்குன்னு ஒரே ஆளு. அவனுக்கு பதிலா ஆளு மாத்தணும்னா, புது ஆளு ஓனரு எதிர்ல அவனா போயி ஒரு வாட்டி போடணும். யாரும் சொல்லக்கூடாது, அவனுக்கே தோணணும். போட்டான்னா அன்னிலேர்ந்து வெளக்கு அவன்து. பழைய ஆளு மூட்டயத் தூக்கிகினு எறங்கிக்கலாம். ஒருத்தரும் ஏன்னு கேக்க மாட்டாங்க.

போன வெள்ளிக்கெழம நான் பாத்ரூமுக்குள்ள இருந்தேன் இல்ல? மாமா வந்து தொட்டி எதிர்ல குந்திட்டாரு, நாலர தாண்டிடிச்சி, நீ கதவத் தட்டுன. வயித்துல ஏதோ கலாட்டான்னு உள்ளருந்தே சொன்னேன். பாவமேன்னு நீயே போயி சுவிட்ச போட்ட. மாமா உன் முதுவுல தட்னாரு. இன்னாத்துக்குத் தட்னாருன்னு உனக்குப் புரியல. அதான் இவ்ளோ நேரம் பேசிகினு கீறேன்.

வயித்துக்கு ஒண்ணியும் இல்ல சகல. கொழாயத் தொறந்து வுட்டு, பக்கெட்ட கவுத்துப் போட்டு அது மேல குந்தி பொஸ்தகம் பட்சிகினு இருந்தேன்.

அன்னிக்கு ராத்திரியே வந்து சொல்லிட்டாரு, வெற்றி, இனிமே நீ உங்கம்மாவப் பாத்துக்கன்னு. கண்ணு கலங்கிடிச்சி அவருக்கு. எனக்கும்தான். டெம்போ கெடைக்கற வரைக்கும் மட்டும் நானே போட்டுகினு வந்தேன். கீழ நிக்குதே டெம்போ, அது தண்ணி கேன் எறக்க வர்ல. ஜெயஸ்ரீ அதுலதான் குந்திகினு கீது. பீரோ மொதல்லயே ஏத்தியாச்சி.

மொறைக்காத. உன் எடத்துல நான் இருந்தா நானும் மொறைப்பேன். நீயும் என்னிக்காச்சும் எறங்கலாம், எறங்கக் கூடாதுன்னு சட்டம் இல்ல. மாமனாருக்கு மூணாவது பொண்ணு இல்ல, அது ஒண்ணுதான் எனக்கு மனசு கஷ்டமா கீது.

இரு. கட்டிலு சத்தம். எழுந்துட்டாரு. மாப்ளன்னு கூப்புடறாரு, கேக்குதா?

என்ன ஏன் பாக்கற? உன்னத்தான் சகல.