சேவலை எடுத்தால் எல்லாம் போகும்

காபி ஆறிவிடும், குடியுங்கள் பார்கவி மேடம். நம் தொம்மலூர் ஆபீசில் வாயில் வைக்கிற மாதிரி இருப்பது இது ஒன்றுதான்.

தியோடரின் மெஷினில் கைவைத்தது யார் என்று கேட்டீர்கள். சிஸ்டம் அட்மின் நான் இருக்கும்போது வேறு யார் வைப்பார்கள்? மவுஸைப் பிடித்துத் தடவிக்கொண்டிருப்பது எனக்குப் பிடிக்காது. கறுப்புத் திரையில் ஒரு வரி தட்டினால் பேக்கேஜ், அதாவது ஒரு புரோகிராம், வந்து உட்கார வேண்டும், இன்னொரு வரி தட்டினால் போய்விட வேண்டும். எனக்குப் பிடித்த பேக்கேஜ்களை எல்லா கம்ப்யூட்டர்களிலும் ஏற்றிவைத்தேன். அதில் செல்லம், நானே எழுதிய சேவல். திரையைத் திறந்ததும் கழுத்தை நீட்டிக் ‘கொக்கரக்கோ’ என்று கூவும். யாருக்கு என்ன கெடுதல்?

தியோடருக்குப் பொறுக்கவில்லை. லிங்கராஜபுரத்திலிருந்து பஸ்ஸில் நசுங்கி வருவான், பாவம்.

“காலங்காத்தால இந்தக் கோழி மூஞ்சிலயா முழிக்கணும்? எடுத்துடு குரு.”

“சேவல்” என்றேன்.

அவனே எடுத்தான். நான் திரும்ப ஏற்றினேன். மறுபடியும் எடுத்தான். வயிறு எரிந்தது. சண்டை போட்டேனா? இல்லை. சேவலை ஏற்றிவிட்டு, அவன் மெஷினிலிருந்த மற்ற பேக்கேஜ்களில், ‘சேவல் இல்லாமல் நான் இல்லை’ என்று ஆளுக்கொரு வரி சேர்த்தேன். நம் கஸ்டமர் ஆஸ்பத்திரிக்காக அவன் ஒரு வருடம் எழுதிய புரோகிராமிலும்தான். சேவலோடு போகும்போது ஒவ்வொன்றும் தன் ஃபோல்டரையும் துடைத்துவிட்டுப் போகச் சொல்லிவைத்தேன். சுத்தம் முக்கியம்.

அந்த ஆஸ்பத்திரி புரோகிராமை ஒப்படைத்தால்தான் அவனுக்கு வேலை நிரந்தரம். வேலை நிரந்தரமானால்தான் அவன் காதலிக்கிற ருக்கு வீட்டில் கல்யாணத்துக்குச் சம்மதிப்பார்கள். அதுவும் எனக்குத் தெரியும்.

நேற்று சேவலை நீக்கச் சொல்லித் தட்டினான். ‘இவையும் கூடவே போகும், சம்மதமா?’ என்று கம்ப்யூட்டர் மரியாதையாகக் கேட்டது. திரை நிறையப் பெயர்கள். நம் ஆட்கள் யார் படிக்கிறார்கள்? சம்மதம் என்று ‘ஒய்’ தட்டிவிட்டு டீ குடிக்கப் போனான். வந்து பார்த்தால் ஒன்றும் இல்லை. நகல் எடுத்துவைக்கும் பேக்கேஜும் சேவலை நம்பித்தான் இருந்தது. அதுவும் நகல்கள் இருந்த தன் ஃபோல்டரைத் துடைத்துவிட்டே போயிருந்தது.

“குரு, ஏதாவது பண்ணு குரு” என்று என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதான். எனக்கும் கண் கலங்கிவிட்டது. சமோசா வாங்கிக் கொடுத்தேன்.

இன்று காலையில் அவனை நீங்கள் வேலையைவிட்டு அனுப்பினீர்கள். ‘ஒய்’ தட்டியது அவன், கையெழுத்துப் போட்டது நீங்கள். நான் சேவலைப் பார்த்துக்கொண்டேன், அவ்வளவுதான்.

உங்கள் மெஷினிலும் ஏற்றியிருக்கிறேன், மேடம். காலையில் முகம் சுளித்தீர்களாமே. பிடிக்கவில்லை என்றால் என்னிடம் சொல்லுங்கள், நான் தப்பாக நினைக்க மாட்டேன். நீங்களாக மட்டும் எடுத்துவிடாதீர்கள். உங்களை நம்பியும் எத்தனையோ பேர் இருக்கிறார்கள்.