கழுவிய படத்தில் இல்லாத படகு

பாதுகாப்புத் துறை சம்பந்தப்பட்ட வழக்கு என்பதால் என் பெயரும் விலாசமும் தனித்தாளில் எழுதி உறையிலிட்டு ஒட்டப்பட்டுள்ளன. வயது நாற்பத்தொன்று. திருமணம் செய்துகொள்ளவில்லை. தம்பி குடும்பம் மாடியிலும் நான் கீழேயுமாக ஒரே வீட்டில் இருக்கிறோம். தனியார் ஆய்வு நிறுவனம் ஒன்றில் செயற்கைக்கோள் படங்களிலிருந்து நிலப்படம் தயாரிக்கும் வேலை செய்கிறேன். அலுவலகப் படங்களை அனுமதியில்லாமல் வெளியே கொண்டுபோய்ப் பத்திரிகைக்குக் கொடுத்தேன் என்ற புகாரின்பேரில் இன்று வியாழக்கிழமை காலை என்னை இந்தக் காவல் நிலையத்துக்கு அழைத்துவந்தார்கள். கொடுத்தது உண்மை. யாரும் என்னை மிரட்டவில்லை, தேநீர்கூட வாங்கிக் கொடுத்தார்கள், ஆகவே கீழே வருவதெல்லாம் நானாகச் சொல்வது.

நிலப்படம் என்றதும் இந்த வாக்குமூலத்தை எழுதும் எழுத்தர் "வீட்டு மனைக்கா மேடம்?" என்று கேட்டார். கடலுக்கு என்றேன். "கடலுக்கு எதுக்கு மேப்பு, அங்க என்ன இருக்கு?" என்றார். அதைச் சொல்லத்தான் உட்கார்ந்திருக்கிறேன், எழுதுங்கள் என்றேன்.

நம் கடல் எல்லைக்கு அப்பால், அலை வற்றும்போது மட்டும் தலைகாட்டும் ஒரு மணல்திட்டு இருந்தது. பக்கத்து நாடு அதன்மேல் கடலடி மணலை உறிஞ்சிக் கொட்டித் தீவாக்கியது. அங்கே என்னென்ன கட்டுகிறார்கள், அது எவ்வளவு தூரம் எட்டும், எந்தக் கப்பல் வழி அதன் கைக்குள் போகும் என்று கணக்கிட்டுச் சொல்வது எங்கள் பிரிவின் வேலை. விமான ஓடுதளம், பீரங்கி மேடைகள், மூன்று ராடார் குவிமாடங்கள் ஆகியவற்றை ஒவ்வொன்றாக நான்தான் குறித்தேன். மேலிருந்து பார்த்தால் உயரம் தெரியாது என்பதால் நிழலின் நீளத்தையும் சூரியன் நின்ற கோணத்தையும் வைத்து உயரத்தைக் கணக்கிடுவோம். அதன் பிறகு எங்கள் பிரிவுத் தலைவர் ஒவ்வொன்றையும் சுற்றி வட்டம் போடுவார். எதைக் கொடுத்தாலும் வட்டம் போடுவதால் அவருக்கு அலுவலகத்தில் வட்டம் சார் என்று பெயர். சாப்பாட்டு மேசையில் தம்ளர் ஈரத்தைக்கூட விரலால் வட்டமாக்கிவிடுவார்.

கடல் படங்களில் மேகம், நுரை, போகிற வருகிற கப்பல் எல்லாம் தொந்தரவு. ஆகவே ஒரே இடத்தைப் பல நாட்களில் எடுத்த படங்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, ஒவ்வொரு புள்ளியிலும் பெரும்பாலான நாட்களில் என்ன இருந்ததோ அதை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதைக் கணினியே நீக்கும்படி செய்வோம். இதற்கு எங்கள் பேச்சில் படத்தைக் கழுவுவது என்று பெயர். கழுவிய படத்தில் நிலையாக நிற்பது மட்டும் மிஞ்சும். நான் நன்றாகக் கழுவுவேன் என்று பெயர் வாங்கியவள். அப்படிக் கழுவிய படங்களைப் பார்த்து, தீவில் ஓடுதளமும் ஆயுதங்களும் தவிர ஆட்கள் தங்கும் இடம் எதுவும் இல்லை என்று போன மாதம் அறிக்கையில் எழுதினேன். அந்த வாக்கியம் என்னுடையது. வட்டம் சார் அதில் ஒரு காற்புள்ளியைக்கூட மாற்றவில்லை.

அதன் பிறகு இரண்டு நாடுகளுக்கும் பேச்சு முறிந்தது. வெள்ளிக்கிழமைக்குள் ராடாரை நிறுத்தாவிட்டால் அடித்து நொறுக்குவோம் என்று நம் அரசு அறிவித்தது. தீவில் பொதுமக்கள் யாரும் இல்லை என்று ஆய்வாளர்கள் உறுதி சொல்லியிருக்கிறார்கள் என்று தொலைக்காட்சியில் வாசித்தபோது, தம்பி மனைவி மாடியிலிருந்து இறங்கி வந்து, "அண்ணி, உங்க ஆபீஸையா சொல்றாங்க?" என்று கேட்டாள். ஆமாம் என்றேன். சின்னதாகப் பெருமைகூட இருந்தது.

என் தம்பி மணல் உறிஞ்சும் கப்பலில் குழாய் பொருத்துபவன். ஆள் ஒட்டகம் மாதிரி உயரம். வெளிநாட்டில் ஏதோ துறைமுகத்தை ஆழப்படுத்தும் வேலை என்று சொல்லிவிட்டுப் போனான். இடத்தை வெளியே சொல்லக்கூடாது என்று கம்பெனி அவனிடம் கையெழுத்து வாங்கியிருந்தது. எந்த இடத்தைப் பார்க்கிறேன் என்று சொல்லக்கூடாது என்று என் அலுவலகம் என்னிடம் வாங்கியிருந்தது. நாங்கள் இரண்டு பேரும் நல்ல பிள்ளைகளாக ஒருவரிடம் ஒருவர் வாயை மூடிக்கொண்டிருந்தோம்.

கடந்த ஞாயிற்றுக்கிழமை அவன் வீடியோவில் கூப்பிட்டான். எப்போதும் திரை போட்ட அறைக்குள்ளிருந்துதான் பேசுவான். அன்று அறையில் மின்சாரம் இல்லை, புழுக்கம் தாங்கவில்லை என்று வெளியே வந்திருந்தான். வெயிலில் கண்ணைச் சுருக்கிக்கொண்டு, "என்னக்கா, மூஞ்சிய இப்படி உத்துப் பாக்கறே? மேலேருந்தே பாத்துப் பழகிட்டே, நேருல பாத்தா தம்பிய அடையாளம் தெரியலையா?" என்று கிண்டல் செய்தான். நான் அவனைப் பார்க்கவில்லை. அவன் தோளுக்குப் பின்னால் மூன்று வெள்ளைக் குவிமாடங்கள் நின்றன. நடுவில் இருந்ததற்கு மேல்தோல் பாதிதான் போர்த்தியிருந்தது. இடதுபக்கம் முனை உடைந்த அலைத்தடுப்புச் சுவர். இவற்றை நான் பக்கவாட்டில் பார்த்ததே இல்லை. ஆனால் நிழலை அளந்து அளந்து அவற்றின் பக்கவாட்டுத் தோற்றத்தை என் கையாலேயே வரைந்தவள் நான். அந்தப் பாதித்தோல் உட்பட எல்லாம் நான் வரைந்தபடியே இருந்தது.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "நீ எங்கேடா இருக்கே?" என்று கேட்டேன்.

"துறைமுகத்துலதான்க்கா."

"பொய் சொல்லாதே. எங்கே தூங்கறே? தீவுலயா, கப்பல்லயா?"

தீவு என்ற சொல்லைக் கேட்டதும் அவன் முகம் மாறியது. "படகு ஒண்ணு இருக்குக்கா. மாடி மாடியா ரூம் கட்டியிருக்கும். கப்பல் எங்க மணல் எடுக்குதோ அங்க இழுத்துட்டுப் போவாங்க. எல்லாரும் அதுலதான் இருக்கோம். உனக்கு யாரு சொன்னா?" என்றான். வெள்ளிக்கிழமைக்குள் கிளம்பி வந்துவிடு என்று கத்தினேன். "எப்படி வர்றது? பாஸ்போர்ட்டு அவங்க கையில இருக்கு" என்றான். அதோடு இணைப்பு அறுந்தது. அதன் பிறகு இன்றுவரை அவன் எண் கிடைக்கவில்லை.

அதன் பிறகு திங்கட்கிழமை அலுவலகம் திறந்ததும் கழுவாத படங்களை ஒவ்வொன்றாகத் திறந்தேன். படகு இருந்தது. எல்லாப் படத்திலும் இருந்தது. ஒன்றில் தீவின் வடக்கே, ஒன்றில் கிழக்கே, ஒன்றில் அலைத்தடுப்பை ஒட்டி. கூரையில் துணி காயப்போட்டிருப்பது வண்ண வண்ணமாகத் தெரிந்தது. எந்த இடத்திலும் அது பெரும்பாலான நாட்கள் நிற்காததால், கணினி அதை ஒவ்வொரு இடத்திலும் தொந்தரவு என்று எண்ணித் துடைத்துவிட்டது. துடைக்கச் சொன்னவள் நான்.

அதன் பிறகு வட்டம் சாரிடம் படங்களைக் காட்டி, தம்பி அந்தப் படகில் இருப்பதையும் சொன்னேன். அவர் கெட்டவர் இல்லை. பழக்கத்தில் படகைச் சுற்றி வட்டம் போடப் பென்சிலை எடுத்தவர் போடாமல் கீழே வைத்தார். அதன் பிறகு, "படகு தீவுல சேராதும்மா. தீவுல ஆள் இல்லைன்னு எழுதினோம், அது தப்பில்லையே" என்று பூசி மெழுகினார்.

"குண்டு விழுந்தா படகு வேற தீவு வேறன்னு பாத்து விழுமா சார்?" என்றேன்.

"திருத்தம் போடலாம். கமிட்டி கூடணும். அடுத்த வாரம் ஆகும்."

"அடுத்த வாரம் யாருக்கு சார் திருத்தம்? எனக்குத் தம்பி இருக்க மாட்டான்."

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே இருந்தார். பாதுகாப்புத் துறைக்கு நானே தொலைபேசியில் பேசினேன், எழுத்துமூலம் நிறுவனத்தின் வழியாக வர வேண்டும் என்று வைத்துவிட்டார்கள். ஆகவே செவ்வாய்க்கிழமை அந்தக் கழுவாத படங்களை அச்செடுத்துக் கைப்பையில் போட்டுக்கொண்டு வெளியே வந்தேன். யாரும் தடுக்கவில்லை. தம்பி மனைவிக்கு உண்மையைச் சொன்னேன். அவள் அழவில்லை. "நீங்களா அண்ணி எழுதினது?" என்று மட்டும் கேட்டாள், அதன் பிறகு என்னோடு பேசாமலே என்னோடு பத்திரிகை அலுவலகத்துக்கு வந்தாள். செய்தி ஆசிரியரிடம் நான் படகைக் காட்டியபோது அவளேதான், "இது மேல காயறதுல எங்க வீட்டுக்காரர் சட்டையும் இருக்கும் சார்" என்றாள். புதன்கிழமை காலை முதல் பக்கத்தில் படகின் படம் பெரிதாக வந்தது. ஆட்கள் இருக்கிறார்கள் என்று ஊரெல்லாம் தெரிந்துவிட்டது, இனி அடிக்க மாட்டார்கள் என்று எண்ணி அன்றுதான் ஒரு வாய் சாப்பிட்டேன்.

இன்று மதியம், இந்த வாக்குமூலம் பாதியில் இருக்கும்போது, பாதுகாப்புத் துறையிலிருந்து ஒருவர் வந்தார். இன்று காலை எடுத்த படம் ஒன்றை மேசையில் வைத்து, இதில் இருப்பது அதே படகுதானா என்று கேட்டார். பார்த்தேன். அதே படகு. ஆனால் மணல் எடுக்கும் கப்பலுக்குப் பக்கத்தில் இல்லை. குவிமாடங்களின் அடியில், கரையோடு கரையாக, நான்கு பக்கமும் கயிறு போட்டுக் கட்டியிருந்தார்கள். ஆட்கள் இருப்பது தெரிந்தால் நம்மவர்கள் அடிக்கத் தயங்குவார்கள் என்று பத்திரிகையைப் பார்த்துத்தான் பக்கத்து நாட்டுக்காரர்களுக்கும் யோசனை வந்திருக்கிறது.

கூரையில் துணிகள் இல்லை. வரிசை வரிசையாகக் கோடுகள் இருந்தன. என்ன என்று அவர் கேட்டார். காலை வெயிலில் நிற்கும் மனிதர்களின் நிழல்கள் என்றேன். மேலிருந்து பார்த்தால் ஆள் ஒரு புள்ளி, நிழல்தான் நீளமாக விழும். அவர்களை அங்கே நிறுத்தி வைத்திருக்கிறார்கள். விசாரணை அதிகாரி மெதுவாக, "நிழலை வெச்சே உயரம் சொல்லுவீங்களாமே. உங்க தம்பி எதுன்னு தெரியுதா?" என்று கேட்டார். அவர் வேண்டுமென்று குத்திக் கேட்கவில்லை. நான் ஒவ்வொரு கோடாக அளக்க ஆரம்பித்தேன். முடியாது என்று எனக்குத் தெரியும், அவ்வளவு துல்லியம் இந்தப் படத்தில் இல்லை, இருந்தும் விரலை எடுக்க முடியவில்லை. எழுத்தர் எழுந்து வந்து படத்தை என் கையிலிருந்து வாங்கி வைத்தார்.

அதன் பிறகு, ராடாரை அடித்தால் படகு தப்புமா என்று துறையிலிருந்து வந்தவர் கேட்டதற்கு என் பதில்: நடுக் குவிமாடத்தின் உயரத்தைவிடப் படகு நிற்கும் தூரம் குறைவு. அதை அடித்தால் அது படகின்மேல் விழும். நாளைக்கு உத்தரவு மாறுமா என்று நான் கேட்டேன். அவர் படத்தைச் சுருட்டிக்கொண்டு, தனக்குத் தெரியாது என்று சொல்லிவிட்டுப் போனார்.

கடைசியாகச் சேர்க்க ஏதாவது உண்டா என்று அதிகாரி கேட்டார். என் தம்பியை அந்த ராடாருக்கு அடியில் கட்டிப்போட்டது நான்தான் என்று எழுதச் சொன்னேன். "படகைன்னு போட்டுக்கலாம் மேடம், சட்டத்துக்கு அது போதும்" என்றார். படகு என்று எழுதினால் கையெழுத்துப் போட மாட்டேன் என்றேன். அதிகாரி எழுத்தரைப் பார்த்துத் தலையசைத்தார். தம்பியை என்றே எழுதப்பட்டது.

இதுவரை எழுதியது எனக்கு உரக்க வாசித்துக் காட்டப்பட்டது. நான் சொன்னபடியே இருக்கிறது. இதன் நகல் இன்றைக்கே பாதுகாப்புத் துறைக்குப் போகும் என்று அதிகாரி சொன்னதை நம்பிக் கையெழுத்திடுகிறேன்.

(கையொப்பம்)
வியாழக்கிழமை, மாலை