எட்டுப் பேரின் ரத்தம்

— போன வாரம், நம்ம மருந்து ஆய்வு நடக்குற மாடி வார்டு. எட்டு பேர் ரத்தத்துலயும் மருந்து ஒரே நேரத்துல உச்சிக்கு ஏறி, ஒரே மாதிரி இறங்கியிருக்கு. எப்படி அண்ணா?

— என்னைக் கேட்டா? நான் ஊசி குத்துற நர்ஸ். கணக்குப் புலி நீ.

— பேச்சை மாத்தாதே. ஒருத்தர் ஐம்பது கிலோ, ஒருத்தர் தொண்ணூறு. முதல் சுத்துல பழைய மாத்திரை போட்டப்போ எட்டும் எட்டு விதமாப் போச்சு. ரெண்டாம் சுத்துல புதுசு போட்டதும் எட்டும் அச்சுல வார்த்த மாதிரி.

— புதுசு அவ்வளவு ஒசத்தியோ என்னவோ, தாயே!

— கிண்டலா? வலிப்பு வர்றவங்களுக்குப் பழசுக்குப் பதிலா இதைக் குடுக்கலாம்னு நாளைக்கு நான் கையெழுத்துப் போடணும்.

— போட்டுட்டுப் போயேன். சொந்த அண்ணனையே நிக்க வெச்சு விசாரிக்கிறே.

— அந்த முழுக்கைச் சட்டையை மடிச்சு விடு.

— எதுக்கு? குளிருது.

— நெத்தியில வேர்த்து ஊத்துது, குளிருதாம். கையை நீட்டு... ஐயோ, முழங்கை மடிப்பு பூரா ஊசி குத்திக் கன்னிப்போயிருக்கு.

— ஒண்ணும் இல்லை, விடு.

— அந்த எட்டு பேரும் ரெண்டாம் சுத்துக்கு வரவே இல்லை. அப்படித்தானே?

— ஒருத்தனும் ஃபோனையே எடுக்கல.

— அதனால மாத்திரையை நீயே முழுங்கிட்டு, உன் ரத்தத்தை எட்டு பேர் குழாயிலயும் பிரிச்சு ஊத்தினியா?

— கத்தாதே, கதவு திறந்திருக்கு. முப்பத்தாறு பேர் வேணும், குறைஞ்சா முடிவை நம்ப முடியாதுன்னு கணக்குப் போட்டது யாரு? நீதானே? ஆள் குறைஞ்சா உன் பேருல்ல கெடும்!

— என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே அண்ணா.

— கேட்டா? ஆய்வையே நிறுத்துன்னு குதிச்சிருப்பே. எனக்குத் தெரியாதா உன்னை?

— நிறுத்தியிருக்க மாட்டேன். கணக்குப்படி தேவைப்பட்டது இருபத்தெட்டு பேர்தான். பாதியில எட்டு பேர் கழண்டுக்குவாங்கன்னு நான்தான் கூடச் சேர்த்து வெச்சேன். இப்போதான் நிறுத்தணும்.