இந்தி தெரிந்தவள்

ஞாயிற்றுக்கிழமை காலையில் டி.வி.யில் இந்தித் தொடர் ஓடும்போது நம் குவார்ட்டர்ஸ் தெருக்குழாயில்கூடக் கூட்டம் இருக்காது, சார். உங்கள் வீட்டிலும் பார்ப்பார்கள். பாதிப் பேருக்கு ஒரு வார்த்தை புரியாது, ஆனாலும் எழுந்துபோக மனசு வராது. மாமியார் முறைக்கிறாள், மருமகள் அழுகிறாள், ஒருவன் கதவைச் சாத்திக்கொண்டு போகிறான். எதற்கென்றுதான் தெரியாது. அதைத் தெரிந்துகொள்ளத் திங்கட்கிழமை காலையில் எனக்குப் போன் வரும்.

பேர் பார்வதம். நம் பாக்டரியின் டெலிபோன் போர்டில் ஆபரேட்டர். என் வீட்டுக்காரர் ஜபல்பூரில் வேலை பார்த்தார். அங்கிருந்து ஆவடிக்கு மாற்றலாகி வந்த வருஷமே மஞ்சள் காமாலையில் போய்விட்டார். அவர் போனதற்கு எனக்கு இந்த நாற்காலியைக் கொடுத்தார்கள். பிள்ளை குட்டி இல்லை. இதை இரக்கத்துக்காகச் சொல்லவில்லை. ஜபல்பூர்க் கதையைச் சொல்லாமல் மற்றது விளங்காது.

உலகநாதன் கொடுத்த புகார் உண்மையா என்று கேட்டீர்கள். அவர் மனைவி லோகநாயகிக்கு ஆஸ்பத்திரியிலிருந்து இரண்டு தடவை போன் வந்ததா, அது அவளுக்குப் போய்ச் சேர்ந்ததா என்று கேட்டீர்கள். புகார் உண்மைதான். ஆனால் ஒரு வார்த்தையில் பதில் சொல்லிவிட்டுப் போனால் நான் ஏதோ ராட்சசி என்று எழுதிவிடுவீர்கள். வரிசையாகச் சொல்கிறேன், அப்புறம் உங்கள் இஷ்டம்.

லோகநாயகி திருமழிசை எஸ்டேட்டில், நமக்கு போல்ட்டு, நட்டு அனுப்புகிற ஒரு சின்ன கம்பெனியில் போன் எடுக்கிற பெண். வீடு நூம்பலில். சரக்கு லாரி கிளம்பிவிட்டது என்று சொல்லத் தினமும் கூப்பிடுவாள். லாரி விஷயம் அரை நிமிஷத்தில் முடிந்துவிடும். மீதி நேரத்துக்கு என்ன செய்வது? சினிமா பேசினோம். வேலப்பன்சாவடியில் ஒரு காலேஜ் ஆபீசில் இருக்கிற நாகவல்லியும் சேர்ந்துகொண்டாள். என் போர்டில் இரண்டு வெளி லைனைச் சேர்த்துவிடலாம். மூன்று பேரும் ஒரே லைனில் உட்கார்ந்து அரட்டை அடிப்போம். அது ரூல் இல்லை. அதற்கு வேண்டுமானால் தனியாக ஒரு மெமோ கொடுங்கள்.

ஒருத்தர் முகம் ஒருத்தருக்குத் தெரியாது. ஆவடிக்கும் திருமழிசைக்கும் எவ்வளவு தூரம், ஒரு பஸ் ஏறினால் பார்த்துவிடலாம். என்னவோ யாருக்கும் தோன்றவில்லை. ஆனால் அவள் "அலோ" என்கிற தினுசிலேயே வீட்டில் சண்டையா, குழம்பு தீய்ந்துவிட்டதா என்று எனக்குத் தெரிந்துவிடும். சினிமா முடிந்தால் உடம்பு. கால் வீக்கம், வாயுத் தொல்லை, மாசாமாசம் வருகிற வயிற்றுவலி, டாக்டரிடம் சொல்லக் கூசுகிற எல்லாம் லைனில் சொல்லிக்கொள்வோம். முகம் தெரியாதவர்களிடம் சொல்வது சுலபம். நான்தான் பெரியவள். பாக்டரி ஆஸ்பத்திரிக்குப் போகிற லைனும் என் போர்டில்தான் இருந்தது. சிஸ்டரைக் கேட்டு, என்ன மாத்திரை, என்ன பத்தியம் என்று சொல்வேன். குவார்ட்டர்ஸில் எத்தனை வீட்டில் போன் இருக்கிறது? ரத்தம் பார்த்தது, எக்ஸ்ரே எடுத்தது, எல்லாவற்றுக்கும் சிஸ்டர் என்னிடம் சொல்வாள், நான் ஆளைப் பிடித்துச் சொல்வேன். வருஷக்கணக்காக அப்படித்தான் நடக்கிறது. ஒருத்தரும் குறை சொன்னதில்லை.

இந்தித் தொடருக்கும் நான்தான் ஆள். ஜபல்பூரில் இருந்தவள் அல்லவா?

"யக்கா, அந்த சின்னப் பொண்ணு இன்னாத்துக்குக்கா ஆஸ்பத்திரில படுத்துகினு கீது?" என்பாள் லோகநாயகி.

"ரத்தத்துல ஏதோ கோளாறுடி. பெரிய டாக்டர் வந்து பாத்துட்டு, பயப்படாதீங்க, பொழச்சுக்குவாங்கறார்" என்பேன்.

எனக்குத் தெரிந்த இந்தி, உருளைக்கிழங்கு என்ன விலை, இன்னும் கொஞ்சம் போடு, இவ்வளவுதான். ஜபல்பூரில் நாங்கள் இருந்த வரிசை முழுக்கத் தமிழ்க் குடும்பங்கள். மற்றதெல்லாம் நானாகச் சொன்னது. முதலில் ஒரு பேச்சுக்குத் தெரியும் என்று சொல்லிவிட்டேன். அப்புறம் திங்கட்கிழமைக்காக ஞாயிற்றுக்கிழமையே யோசிக்க ஆரம்பித்தேன். கொடுமைக்கார மாமியாருக்குக்கூட ஒரு நியாயம் வைத்துச் சொல்வேன். அவர்கள் உச்சுக்கொட்டிக் கேட்பார்கள். யாருக்கும் நஷ்டமில்லை.

ஒருநாள் புதுப்படம் ஒன்றைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தபோது லோகநாயகி குரலைத் தாழ்த்தினாள்.

"யக்கா, மார்ல ஒரு கட்டி கீது. நோவு இல்ல. கோலிகுண்டு மாரி உருளுது. ஊட்டுக்காரர்கிட்ட சொல்லல."

அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போ என்று சொன்னவள் நான். அதைத் தயவுசெய்து எழுதிக்கொள்ளுங்கள். உலகநாதன் நம் பாக்டரி ஆள் என்பதால் நம் ஆஸ்பத்திரியிலேயே பார்க்கலாம் என்று வழி சொன்னவளும் நான். போனாள். ஊசி போட்டுச் சதை எடுத்து டவுனுக்குப் பரிசோதனைக்கு அனுப்பினார்கள். அந்தச் சமயம் பார்த்து உலகநாதனைப் பாக்டரி வண்டியை ஓட்டிப் பார்க்கிற டிரையலுக்காக ராஜஸ்தான் பக்கம் அனுப்பிவிட்டார்கள். அவள் தனியாகப் பயந்துபோய்க் கிடந்தாள்.

"ரிஜல்ட்டு வந்தா நீயே கேட்டு சொல்லிடுக்கா. அந்த சிஸ்டர் மூஞ்சப் பாத்தாலே எனுக்கு கைகாலு ஒதறுது. உன் வாயால கேட்டா தெம்பா இருக்கும்."

சரி என்றேன். சிஸ்டரிடமும் சொல்லிவைத்தேன். அவளும் நல்லதாய்ப் போயிற்று என்றாள்.

அந்த வாரத் தொடரில் ஆஸ்பத்திரியில் கிடந்த சின்னப் பெண்ணைக் காணோம். திங்கட்கிழமை கேட்டார்கள். லோகநாயகி இருந்த நிலைமையில் வேறு என்ன சொல்வது? குணமாகி அம்மா வீட்டுக்குப் போய்விட்டாள் என்றேன். அதற்குள் ஜெனரல் மேனேஜருக்கு டிரங்க் கால் வந்தது. இவர்கள் லைனை அப்படியே விட்டுவிட்டு அதைக் கவனித்தேன். திரும்பி வந்து போர்டில் அவர்கள் லைனுக்கான சாவியைப் பாதி தூக்கினேன். பாதி தூக்கினால் அவர்கள் பேசுவது நமக்குக் கேட்கும், நாம் இருப்பது அவர்களுக்குத் தெரியாது. ஒட்டுக்கேட்கக் கூடாது என்று டிரெயினிங்கில் சொல்வார்கள். கேட்காத ஆபரேட்டரை நான் பார்த்ததில்லை.

"எங்க காலேஜ்ல வடநாட்டு மேடம் ஒண்ணு கீது. அது சொல்லுது, அந்தப் பொண்ணு செத்துப்போச்சாம். அக்கா ஆரம்பத்துலேர்ந்து நமக்கு ரீல் உட்டுகினு கீது" என்றாள் நாகவல்லி.

லோகநாயகி சிரித்தாள். "எனுக்கு எப்பவோ தெரியும். போட்டோவுக்கு மாலை போட்டு எல்லாம் அழுதுகினு கீறாங்க, இது இன்னான்னா அம்மா ஊட்டுக்குப் போயிட்டான்னுது. உடு நாகு. ஒண்டிக்கட்டை. நம்பள உட்டா அதுக்குப் பேச யாரு கீறாங்க? இன்னாவோ சொல்லிகினு போவட்டும், பாவம்."

சிரித்தது எனக்குப் பெரிதாகப் படவில்லை. யாரும் சிரிப்பார்கள். எப்பவோ தெரியும் என்றாளே, அதுதான் தைத்தது. இத்தனை திங்கட்கிழமை உச்சுக்கொட்டியது எனக்குப் போட்ட பிச்சையா? சாவியைச் சத்தமில்லாமல் இறக்கினேன். மேனேஜர் ஆபீசிலிருந்து ஏதோ கேட்டார்கள். என்ன கேட்டார்கள் என்று இரண்டு தடவை திருப்பிக் கேட்க வேண்டியிருந்தது.

மறுநாள் ஆஸ்பத்திரியிலிருந்து போன் வந்தது. "பார்வதம், அந்தத் திருமழிசைப் பொண்ணுக்கு ரிசல்ட் வந்துடுச்சு. நல்ல ரிசல்ட் இல்லை. ஆனா இப்ப சின்னதாத்தான் இருக்கு, உடனே எடுத்துட்டா பயமில்லைங்கறார் டாக்டர். நாளைக்கே வந்து அட்மிட் ஆகச் சொல்லுங்க."

சொல்லிவிடுகிறேன் என்றேன்.

சொல்லவில்லை. ஏன் என்றால், புருஷன் ஊரில் இல்லாதபோது ஒரு பெண்ணிடம் போனில் அதைச் சொல்லலாமா? நீங்களே சொல்லுங்கள். அவர் ராஜஸ்தானிலிருந்து வரட்டும் என்று நினைத்தேன். அவர் வந்தார். வந்த அன்று அவள் லைனில் பாட்டே பாடினாள். அதைக் கெடுக்க மனம் வரவில்லை. பிறகு தீபாவளி வந்தது. அதன் பிறகு சொல்வதென்றால், எனக்கு எப்போது தெரியும் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். ஒரு நாள் தள்ளிப்போட்டவள் மறுநாள் எந்த முகத்தோடு சொல்வாள்? எத்தனையோ காலையில் இன்றைக்குச் சொல்லிவிடுவது என்றுதான் பஸ் ஏறுவேன். அவள் "அலோ" சொன்னதும் சினிமாப் பேச்சை எடுத்துவிடுவேன். டிபன் பாக்ஸைத் திறக்காமலே வீட்டுக்குக் கொண்டுபோயிருக்கிறேன். நான் கல்நெஞ்சுக்காரி இல்லை, சார்.

சிஸ்டர் இன்னொரு தடவை கூப்பிட்டாள். அந்தப் பெண் ஏன் வரவில்லை என்றாள். சொந்தக்காரர் ஒருவர் வெளியூரில் டாக்டராம், அங்கே போய்ப் பார்த்துக்கொள்கிறார்களாம் என்றேன். எங்கே பார்த்தாலும் சரி, நேரத்தோடு பார்த்தால் போதும் என்றாள். சிஸ்டர் மேல் தப்பில்லை. நான் சொன்னால் யாரும் நம்புவார்கள்.

கோடை வந்தபோது லோகநாயகி, "கையத் தூக்கி ஜடை போட முடியலக்கா, அக்குள்ல வலிக்குது" என்றாள். உப்பை வறுத்துத் துணியில் கட்டி ஒத்தடம் கொடு என்றேன். கொடுத்தாள். இரண்டு நாள் நன்றாக இருக்கிறது என்றாள். எனக்குச் சந்தோஷமாக இருந்தது. இதையும் மறைக்காமல் சொல்கிறேன். கொஞ்ச நாளில் திருமழிசை போனை வேறு ஒரு பெண் எடுத்தாள். லாரி கிளம்பிவிட்டது என்று சொல்லி உடனே வைத்துவிட்டாள். லோகநாயகி எங்கே என்று நான் கேட்கவில்லை.

செத்த சேதியை நாகவல்லிதான் சொன்னாள். நூம்பலுக்குப் போனேன். அன்றைக்குத்தான் அவள் முகத்தைப் பார்த்தேன். நல்ல வாட்டசாட்டமான பெண் என்று நினைத்து வைத்திருந்தேன். பாயோடு பாயாக ஒட்டிக் கிடந்தாள். பக்கத்தில் அழுதுகொண்டிருந்தவளின் குரலை வைத்து அது நாகவல்லி என்று தெரிந்துகொண்டேன். அவள் என்னைக் கட்டிக்கொண்டாள். எனக்கு அழுகை வந்தது, நிஜமான அழுகை. உலகநாதன் எழுந்து வந்து என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"நீங்கதானா பார்வதக்கா? உங்க பேச்சுதான் எந்நேரமும். ஆஸ்பத்திரிக்கு வாடின்னு எத்தினி வாட்டி கூப்ட்டேன். பார்வதக்கா கேட்டு சொல்லிச்சு, ஒண்ணுமில்லியாம், சும்மா இருங்கன்னுட்டா. வேற யாரு சொல்லியிருந்தாலும் நான் தூக்கிகினு போயிருப்பேங்க்கா."

அங்கே நின்றிருந்தவர்கள் எல்லோரும் என்னைத்தான் பார்த்தார்கள். நான் அவர் கையை விடுவித்துக்கொண்டு பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்றேன். அப்புறம்தான் அவர் ஆஸ்பத்திரிக்குப் போய் விசாரித்திருக்கிறார்.

நீங்கள் இவ்வளவு நேரம் பொறுமையாகக் கேட்டீர்கள். வேலைச் சுமையில் சேதியை மறந்துவிட்டேன் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டால் இன்கிரிமென்ட் நிறுத்துவதோடு விட்டுவிடலாம் என்று நல்ல மனசோடு சொன்னீர்கள். மறக்கவில்லை, சார். அவள் உயிரோடு இருந்திருக்கலாம். அது எனக்குத் தெரிந்தேதான் இருந்தது. சேதி சொல்லவில்லை என்று கொஞ்ச நேரம் முன்னால் சொன்னேனே, அதுவும் முழுசாகச் சரியில்லை.

சிஸ்டர் போனை வைத்த கையோடு லோகநாயகி கூப்பிட்டாள். லாரியைப் பற்றிச் சொல்லிவிட்டு, "யக்கா, ரிஜல்ட்டு இன்னா ஆச்சு?" என்றாள்.

"வந்துடுச்சுடி. வெறும் கொழுப்புக் கட்டியாம். ஒண்ணும் பண்ண வேண்டாம், தானா கரைஞ்சுடுமாம்" என்றேன்.

"நெசமாவாக்கா? என் மேல சத்தியமா சொல்லு" என்றாள்.

சத்தியம் செய்தேன். அவள் அழுதாள். சாமியைக் கும்பிட்டாள், என்னையும் கும்பிட்டாள். சாகட்டும் என்று நினைத்து நான் அதைச் சொல்லவில்லை. அத்தனை வருஷத்தில் அன்று ஒரு நாள்தான், சார், நான் சொன்னதை அவள் நம்பினாள்.